கத்தரிப்பூ நிறத்து மலை

அந்தப் படத்தில் அக்கா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் அரிசோனாப் பாலைவனத்து மலைகள் சிவப்பு, சாம்பல், வெள்ளை, கத்தரிப்பூ நிறம் என்று பட்டை பட்டையாகக் கிடக்கின்றன. அவளுடைய காலடியில் ஒரு நீண்ட நிழல். இரண்டு முழங்கைகளையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் அந்த நிழல் அத்தானுடையது. படம் ஆடிப்போயிருக்கிறது. அக்காவின் தோளுக்கும் மலையின் விளிம்புக்கும் இரண்டிரண்டு கோடுகள் தெரிகின்றன. எங்கள் குடும்பத்தில் நாற்பது வருடமாகப் படம் எடுத்த மனிதர் அவர். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுப்பார். பிறந்தநாள் விழாக்களில் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்ட பிறகுதான் நாங்கள் சிரிப்பைக் கழற்றுவோம். அவர் எடுத்து ஆடிப்போன படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அக்கா மூத்தவள், நான் நடு, தம்பி கடைசி. அக்காவும் நானும் எப்படியோ கனடா வந்து சேர்ந்துவிட்டோம். தம்பி போர் நடந்த வன்னியில் அகப்பட்டுக்கொண்டான். போர் முடிந்த அந்த வருடம் நான் மில்லிக்கனில் அக்கா வீட்டு பேஸ்மென்ரில் இருந்தேன். அத்தானுக்கு மிசிசாகாவில் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை, எனக்கு அதற்குக் கிட்ட ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. ஒரே காரில் போய் ஒரே காரில் வருவோம். வேலை முடிந்து வந்தால் அக்கா தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பாள். மடியில் தொலைபேசி, பக்கத்தில் ஆறிப்போன தேத்தண்ணி. வீட்டில் இல்லாத நாட்களில் நகரத்துக்குப் போய் வீதியோரத்தில் எல்லோரோடும் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடித்துக்கொண்டு நிற்பாள். குளிருக்குள் நின்று நின்று அவளுக்குக் குரல் போய்விட்டது. சாப்பாடும் குறைந்து, கையில் காப்பு நிற்காமல் கழன்று விழத் தொடங்கியது. எனக்கும் களைப்புத்தான். உண்மையைச் சொன்னால், தம்பியைப் பற்றிய செய்தி எப்படியாவது வந்து முடிந்துவிடட்டும் என்று சில நாட்கள் நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தான் அரிசோனா போவோம் என்றார். வேலையில் மலிவு விமான ரிக்கற் கிடைக்கிறது, அங்கே ஒரு தேசியப் பூங்காவில் கல்லெல்லாம் கலர் கலராய் இருக்குமாம், நாலு நாள் போய் வந்தால் மகளுக்கும் நல்லது என்றார். அவர்களுடைய மகளுக்கு அப்போது பத்து வயது. அக்கா எரிந்து விழுந்தாள். "ஊர் எரியேக்கை கல்லுப் பாக்கப் போறதோ?" என்று கேட்டாள். அத்தான் வாதாடுகிற ஆள் இல்லை. "நாலு நாள் அந்தப் பெட்டியைப் பாராமல் இரும். போன் எங்கையும் வரும்தானே" என்று மட்டும் சொன்னார். டாக்டரும் அதையே சொன்னபடியால் கடைசியில் அவள் ஒத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன்.

போன் எங்கேயும் வரும் என்றது பொய். பூங்காவுக்குள் நுழைந்து பத்து நிமிடத்தில் சிக்னல் போய்விட்டது. அக்கா போனைக் கார் ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள், தலைக்கு மேலே தூக்கினாள், மகளின் கையில் கொடுத்து ஒரு மேட்டில் ஏறச் சொன்னாள். அத்தான் காரை நிறுத்தாமல் ஓட்டினார். மூன்று மாதமாக, போன் ஒரு தரம் அடித்தாலே குளியலறையில் இருந்து நுரையோடு ஓடி வந்த மனிதர் அவர். அந்த நாலு நாளும் தன்னுடைய போனைச் சட்டைப் பையிலிருந்து ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை. அதைப் பார்த்தாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

விளங்க வேண்டியது வேறும் இருந்தது. அத்தான் ஒரு கிழமையாகச் சவரம் செய்யவில்லை. மச்சம் மாமிசம் தொடவில்லை. வழியில் நிறுத்திய கடைகளில் எல்லாம் உருளைக்கிழங்குப் பொரியலும் பாணும்தான் அவருக்கு. நான் கோழிக்கால் ஒன்றைக் கடித்துக்கொண்டு, "என்ன அத்தான், தாடியும் மரக்கறியும்... சாமியாராப் போற யோசனையோ?" என்று கேட்டேன். அவர் என் கையில் இருந்த கோழிக்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்லை மச்சான், ஒரு விரதம்" என்றார். எந்தக் கோயிலுக்கு, என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்த மாதங்களில் ஏதோ ஒரு தெய்வத்துக்கு ஏதோ ஒன்றை நேர்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாம் நாள் பின்னேரம் அந்த மலைகளுக்குள் இறங்கி நடந்தோம். மலை என்று சொன்னாலும் உயரம் அதிகம் இல்லை, வெறும் மண்மேடுகள். ஒரு புல் பூண்டு கிடையாது. எந்தக் காலத்திலோ விழுந்த மரங்கள் கல்லாகிப் போய்த் துண்டு துண்டாகக் கிடந்தன. உள்ளே மஞ்சளும் ஊதாவுமாகப் பளிங்கு மினுங்கியது. மகள் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு "இது மரமா, கல்லா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அக்கா குனிந்து ஒரு சின்னத் துண்டை எடுத்தாள். "தம்பி சின்னனிலை கல்லுப் பொறுக்கித் திரிஞ்சவன். அவன் வந்தாப் பிறகு இஞ்சை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வருவம், என்னப்பா?" என்று அத்தானைப் பார்த்துக் கேட்டாள்.

"ஓம்" என்றார் அத்தான். "கல்லை எடுக்கக் கூடாதாம். வைச்சிட்டு வாரும்."

அவள் வைத்துவிட்டு வந்தாள். வெயில் சாயச் சாய நிறங்கள் கூடிக்கொண்டு வந்தன. அத்தான் கமெராவை எடுத்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பின்னாலை பாரும், சீலைக்கடையிலை மடிச்சு அடுக்கின மாதிரிக் கிடக்கு. எது வேணும் சொல்லும், இறக்கித் தரச் சொல்லுறன்" என்றார் அவர். அக்கா திரும்பிப் பார்த்தாள். மேலே இருந்து மூன்றாவது பட்டையைக் காட்டி, "அந்தக் கத்தரிப்பூ நிறம்" என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள். மாசி மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. அத்தான் அழுத்தினார். அன்றைக்கு அவர் மூச்சு விடும் சத்தம் கேட்கவில்லை. கமெராவை முகத்திலிருந்து எடுக்க நேரம் சென்றது. வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார். வெயிலோ அவருக்குப் பின்னால் இருந்தது.

நாங்கள் திரும்பி வந்த மூன்றாம் நாள், போர் முடிந்ததாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். அன்று பின்னேரம் அத்தான் எங்கள் இரண்டு பேரையும் குசினி மேசையில் இருத்திச் சொன்னார். தம்பி இல்லை. அவனோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவன் அகதி முகாமுக்கு வந்து, யாருடையதோ போனில் அத்தானோடு ஒரு நிமிடம் பேசியிருக்கிறான். பக்கத்திலேயே குழி வெட்டித் தாட்டுவிட்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறான். "ஒரு ஆள் சொன்னதை நம்பேலுமோ? செத்ததெண்டு சொன்ன எத்தினை பேர் பிறகு வந்தவை. இன்னொருத்தர் சொல்லட்டும் எண்டு இருந்தன். இண்டைக்கு இன்னொருத்தரும் சொல்லிப்போட்டார்."

அக்கா அழவில்லை. "முதல் ஆள் எப்ப சொன்னவர்?" என்று கேட்டாள்.

"பன்ரெண்டு நாளாச்சு."

அவள் விரல் மடித்து எண்ணினாள். "அப்ப, அங்கை என்னைச் சிரிக்க வைக்கேக்கை உங்களுக்குத் தெரியும். தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவம் எண்டு கேக்கேக்கை ஓம் எண்டு சொன்னனீங்கள்."

துக்கச் செய்தியை ஒளித்து வைப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிது இல்லை. சாப்பிட்டு முடியட்டும், வீட்டுக்கு வந்து சேரட்டும், பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதினை முடியட்டும் என்று ஒளித்து வைப்போம். அன்பு என்றுதான் அதற்குப் பெயர். ஆனால் ஒளித்தவருக்கு முன்னால் நின்று நாம் சிரித்தது பிறகு தெரியவந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அக்கா அவருக்குச் சமைத்தாள், வருத்தம் வந்தால் மருந்து கொடுத்துப் பார்த்தாள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கமெராவுக்கு முன்னால் அவள் நின்றதே இல்லை. மகளின் பட்டமளிப்பு விழாவில்கூட, அவர் கமெராவைத் தூக்கியதும் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். அவர் கமெராவை இறக்கிவிட்டு, உறையை மெதுவாகப் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இருவர்மீதும் கோபம் வந்தது.

எனக்கு விளங்கியது ஒன்று உண்டு, அதுவும் பிந்தித்தான். செத்தவன் என் தம்பி. சாவுத் துடக்குக் காக்க வேண்டியவன் நான். தாடி வளர்த்து, மச்சம் விட்டு, முப்பத்தொரு நாள் இருக்க வேண்டியவன் நான். மச்சான் முறைக்கு அந்தத் துடக்கு இல்லை. எனக்குத் தெரியாமல் இருந்த பன்னிரண்டு நாளும் என்னுடைய துடக்கை எனக்காக அவர் காத்திருக்கிறார். நானோ கோழிக்காலைக் கடித்துக்கொண்டு அவரைச் சாமியார் என்றேன். இன்னொருத்தர் சொல்லட்டும் என்று காத்திருந்ததாக வாய் சொன்னாலும், முதல் நாளே அவர் நம்பிவிட்டார் என்று அந்தத் தாடி சொல்கிறது. இதை நான் அக்காவிடம் உடனே சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்தேன். வேலை, களைப்பு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். போன தையில் அத்தான் இறந்துவிட்டார்.

முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு அவருடைய படம் வேண்டியிருந்தது. அக்காவும் அவரும் சேர்ந்து நிற்பது ஒன்று வேண்டும் என்று மகள் வீடு முழுக்கத் தேடினாள். கலியாணப் படங்கள் ஊரோடு போய்விட்டன, மற்ற எல்லாப் படத்தையும் அவரே எடுத்ததால் எதிலும் அவர் இல்லை. அன்றைக்குத்தான் நான் அக்காவிடம் தாடியைப் பற்றிச் சொன்னேன். அவள் எழும்பிப் போய், கலியாணச் சீலைக்கு அடியிலிருந்து அந்தப் படத்தைக் கொண்டு வந்தாள். அதை எறிந்திருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அம்மா, இது பிளரியா இருக்கு. அப்பாவும் இதிலை இல்லையே" என்றாள் மகள்.

"நிழல் கிடக்கு" என்றாள் அக்கா. பிறகு விரலால் தன் தோளின் இரட்டைக் கோட்டைத் தடவினாள். "அந்த மனுசன்ரை கை நடுங்கியிருக்கு. நான் இவ்வளவு நாளும் என்ரை சிரிப்பைத்தான் பாத்தனான்." அப்போதுதான் அவள் அழுதாள். செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை.

படத்தை நான்தான் அஜின்கோர்ட்டில் இருக்கும் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெடியன் அதைக் கொம்பியூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தான். "அண்ணை, உது நல்லா ஆடிப்போச்சு. நான் துலக்கி விடுறன், புதுசு மாதிரி வரும்" என்றான். வேண்டாம், அப்படியே போடு, அக்கா சொல்லிவிட்டாள் என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் தேத்தண்ணியும் மீன் பற்றீஸ் ஒன்றும் நீட்டினான். தேத்தண்ணியை மட்டும் எடுத்தேன். அவன் என் நரைத்த தாடியைப் பார்த்தான்.

"என்ன அண்ணை, விரதமோ?"

திரையில் அக்கா கத்தரிப்பூ நிறத்து மலைக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் தம்பி," என்றேன். "ஒரு விரதம்."