நான் பாதி பார்த்த நாடகம்

புத்தளத்தில் நாடகம் போடுகிறவர்களைவிட நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள்தான் அதிகம் என்று நண்பர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. போர் முடிந்த பிறகு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு விமர்சகர் வட்டம் தொடங்கினோம். ஐவரும் பத்திரிகைக்கோ வானொலிக்கோ நாடக விமர்சனம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை வருடம் முழுவதும் மேடையேறிய தமிழ் நாடகங்களைப் பார்த்து, அவற்றில் சிறந்த ஒன்றுக்கு மரக் கேடயம் கொடுப்போம். எங்கள் தெரிவைத் திட்டாத ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை. திட்டுகிறவர்கள்தான் அடுத்த வருடம் முதல் ஆளாக அழைப்பிதழோடு வந்து நிற்பார்கள்.

வட்டத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நாடகத்தை முதலிலிருந்து முடிவு வரை இருந்து பார்த்தவருக்கு மட்டுமே அதைப் பற்றிப் பேசவும் வாக்களிக்கவும் உரிமை. தெரிவுக் கூட்டத்தில் ஒரு நாடகத்தின் பெயர் வாசிக்கப்பட்டதும் ஒவ்வொருவராக "இருந்தேன்" என்று சொல்ல வேண்டும். முழுதாகப் பார்க்காதவர் எதுவும் சொல்லாமல் தன் கதிரையை மேசையிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அந்த நாடகம் பேசி முடியும்வரை அவருக்கு வாய் இல்லை. ஒரு வருடம் எங்கள் தலைவரே வயிற்றுக் கோளாறால் கடைசிப் பத்து நிமிடத்தைத் தவறவிட்டுவிட்டு, கதிரையை இழுத்துக்கொண்டு பச்சைப்பிள்ளை மாதிரி சுவரோரமாக இருந்தார். யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. சொல்லை நம்பினோம்.

அந்தச் சட்டத்தை மீறியவன் நான் ஒருவன்தான். இன்றுவரை அது வட்டத்தில் யாருக்கும் தெரியாது.

நான் அதை மீறிய வருடம் புத்தளப் பக்கத்துக் கரைத்தீவிலிருந்து ஒரு நாடகம் வந்தது. வடக்கிலிருந்து விரட்டப்பட்டு அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகள் போட்டது. எழுதி நெறிப்படுத்தியவள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு பெண். வீடு வீடாகப் போய் உம்மாமாரிடம் கதை கேட்டு, கேட்டதையெல்லாம் கோத்து நாடகமாக்கியிருந்தாள். பொம்பிளைப் பிள்ளை மேடை, நாடகம் என்று அலைவதில் ஊர்ப் பெரியவர்களுக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஒரேயடியாக மறுக்கவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. "ஒருக்காப் போடு. படிச்ச ஆக்கள் நல்லது எண்டு கேடயம் தந்தா எங்க வேணுமெண்டாலும் கொண்டு போய்ப் போடு. இல்லாட்டி இதோட நிப்பாட்டிரு" என்று சொல்லியிருந்தார்கள். அழைப்பிதழ் தர வந்தபோது அவளே இதை எங்களிடம் சொன்னாள். கெஞ்சவில்லை. நிலவரத்தைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்களுடைய ஊர் வாசிகசாலை முற்றத்தில் நாடகம். பக்கத்துக் களப்புத் தண்ணீர்மேல் வந்த காற்றில் ஒலிவாங்கி இரைந்துகொண்டிருந்தது. நான் பஸ்ஸைத் தவறவிட்டு, நாடகம் தொடங்கும் தறுவாயில்தான் போய்ச் சேர்ந்தேன். வட்டத்தின் மற்ற நால்வரும் முன்வரிசையில். எனக்கு இடம் கிடைத்தது ஆண்கள் பக்கத்தின் கடைசியில், சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்துக்கு அருகில். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இந்த வருடக் கேடயம் இதற்குத்தான் என்று எனக்குப் பட்டது. ஒரு நீளக் கயிறு. பத்துப் பன்னிரண்டு பேர் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நெருங்கி நின்றார்கள். அதுதான் படகு. அவர்கள் ஒன்றாகச் சாய்ந்தபோது பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் சாய்ந்தோம்.

அந்தப் படகில் ஒரு மகன் துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்திருந்தான். தாய் கையை நீட்டினாள்.

"புள்ளயத் தா மகன், பால் குடுக்க."

"நித்திரை கொள்றா உம்மா."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைத் துரத்தியபோது எனக்குப் பதினாறு வயது. வாப்பா வேறு படகில். உம்மாவும் நானும் எட்டு மாதத் தங்கச்சியும் ஒரு படகில். உம்மா கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்துச் சோர்ந்துபோயிருந்ததால் தங்கச்சி என் மடியில் இருந்தாள். அவளுக்குக் காய்ச்சல். ஏறும்போதே படகுக்காரர் சொல்லியிருந்தார், வழியில் யாரும் மௌத்தானால் கடலில்தான் விட வேண்டும், கரை வரை வைத்திருக்க முடியாது என்று. கெட்ட மனுசன் இல்லை. அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பகல் சாய்கிற நேரம் தங்கச்சியின் மூச்சு நின்றுவிட்டது. எனக்கு உடனே தெரிந்தது. துணியை இழுத்து அவள் முகத்தை மூடினேன். கொஞ்ச நேரத்தில் உம்மா பால் கொடுக்கக் கேட்டார். நித்திரை கொள்கிறாள் என்றேன். உம்மா நீட்டிய கை துணிமேல் கொஞ்சம் தங்கிவிட்டுத் திரும்பிப் போனது. பிறகு அவர் கேட்கவேயில்லை. கற்பிட்டிக் கரையில் இறங்கிய பிறகுதான், "உம்மா, புள்ள அசையுறா இல்ல" என்றேன். உம்மா குழறிய குழறலில் முன்பின் தெரியாத சனமெல்லாம் ஓடிவந்தது. அங்கேயே அடக்கினோம்.

கரைக்கு வந்த பிறகுதான் பிள்ளை மௌத்தானாள் என்று உம்மா எல்லோருக்கும் சொன்னார். நான் திருத்தவில்லை. பெற்றவளை ஏமாற்றிப் பிணத்தை மடியில் வைத்திருந்தவன் என்ற எண்ணம் எனக்குள்ளேயே வளர்ந்தது. கலியாணம் கட்டினேன், பிள்ளைகள் பிறந்தார்கள், யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்படியிருக்க, என் வாயிலிருந்து வந்த அதே சொற்கள் மேடையில் கேட்டன. அன்று எத்தனையோ படகுகள் வந்தன, எத்தனை வீட்டில் இது நடந்ததோ என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். களப்போரமாக நடந்தேன். சனம் கைதட்டும் சத்தம் கேட்டதும் திரும்பி வந்து மற்றவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

தெரிவுக் கூட்டம் நகரத்தில் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் நடந்தது. கடைசியில் இரண்டு நாடகங்கள் மிஞ்சின. ஒன்று கரைத்தீவு நாடகம். மற்றது கொழும்புக் குழு ஒன்று இங்கே கொண்டுவந்து போட்டது, வெளிச்சமும் புகையும் தாராளம். கரைத்தீவு நாடகத்தின் பெயரைத் தலைவர் வாசித்தார். மற்ற நால்வரும் "இருந்தேன்" என்றார்கள். என் முறை வந்தது. கதிரையின் கைப்பிடியைப் பிடித்தேன், இழுக்கவில்லை.

"இருந்தேன்" என்றேன்.

அதோடு விட்டேனா? பேசவும் செய்தேன். முற்பாதி கட்டியெழுப்பியதைப் பிற்பாதி அழுகையில் கரைத்துவிட்டது என்றேன். பார்க்காத பிற்பாதியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். பாவி, நன்றாகவும் பேசினேன். இரண்டுக்கு இரண்டாக நின்ற வாக்கை என் வாக்கு கொழும்புக்குக் கொண்டுபோனது. அந்த நாடகம் மோசம் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. கேடயம் கொடுத்தால் ஊர் ஊராகப் போடுவார்கள், அந்தத் தாய் மறுபடி மறுபடி கையை நீட்டுவாள் என்ற பயம்தான். அடுத்த வாரம் பத்திரிகையிலும் அதையே எழுதினேன்.

அவள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுத்த சொல்லுக்குக் கட்டுப்பட்டு நாடகத்தை நிறுத்திவிட்டாள்.

ஆனால் அது என்னிடம் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் எனக்குள் தொடங்கி, அதே இடத்தில் அறுந்து போகும். அந்தத் தாய் கையை நீட்டியபடியே நிற்பாள். முடிவு தெரியாததால் நானே முடிவுகளை எழுதத் தொடங்கினேன். ஒன்றில் தாய் துணியை விலக்கிப் பார்த்து மகனைச் சபித்தாள். ஒன்றில் படகுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். நல்லதாக ஒன்றுகூட எனக்கு வரவில்லை. ஒருமுறை கற்பிட்டி பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துப் பெண்ணின் குழந்தை நெடுநேரம் அசையாமல் கிடந்தது. அது நித்திரைதான் என்று தெரிந்தும் இருக்க முடியாமல் இடைவழியில் பாலாவியில் இறங்கிவிட்டேன். மற்ற நாடகங்களைப் பார்க்கப் போனாலும் தாய் வேடத்தில் யாராவது வாய் திறந்தால் நான் மேடையைப் பார்க்காமல் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் உம்மா இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் செய்ததைச் சொல்ல வேண்டிவரும் என்பதால் கேட்கவில்லை.

போன வருடம் உம்மா மௌத்தானார். நாற்பது நாள் கழிந்ததும் என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கரைத்தீவுக்குப் போனேன். அவள் இன்னமும் அதே பாலர் பாடசாலையில்தான் இருந்தாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன நேரம். சின்னக் கதிரை ஒன்றில் முழங்கால் முட்ட இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் எழுந்து போனதை, பொய் சொன்னதை, வாக்களித்ததை.

அவள் கோபப்படவில்லை. "நீங்க எழும்பிப் போனத நான் மேடைக்குப் பின்னால இருந்து கண்டன் நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்.

"அப்ப ஏன் தங்கச்சி வட்டத்துக்கு ஒண்டும் சொல்லல்ல?"

"உங்கட உம்மா வேணாம் எண்டாங்க, மகன்ட பேர் கெட்டுப்போகும் எண்டு."

எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள்.

"அது உங்கட படகு நானா. இங்க அவங்கட தங்கச்சி வீட்டுக்கு வரக்குள்ள உங்கட உம்மா கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லித் தந்தது. தான் ஹயாத்தோட உசிரோட இருக்கும்வரைக்கும் உங்களுக்குச் சொல்லக்கூடாது, நீ காப்பாத்த வேண்டிய அமானிதம் எண்டாங்க."

பிற்பாதியில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"கரையில எறங்கினதும் அந்த உம்மா மகனுக்குச் சொல்ற இடம். அது அவங்களே சொல்லி நான் எழுதினது." அவளுக்கு அது இன்னும் மனப்பாடமாக இருந்தது. "'மகன், எனக்குப் படகிலயே தெரியும். துணிக்கு மேலால அவட காலத் தொட்டன், குளிர்ந்து போயிருந்திச்சி. நீ நித்திரை எண்டு சொன்னாய். நான் ரெண்டாந்தரம் கேக்கல்ல. கேட்டா நீ சொல்லணும், சொன்னா கடலில விட்டிருவாங்க. நாம ரெண்டு பேருமாத்தான் அவள மண்ணுக்குக் கொண்டுவந்தம். நீ தனியச் செய்யல்ல மகன்.'"

நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"ஏன் உம்மா எனக்கிட்ட நேர சொல்லல்ல?"

"உங்கட முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல்லயாம். இத்தன வருசமாத் தெரிஞ்சும் மறைச்சதுக்கு மகன் என்ன நினைப்பானோ எண்டு பயம். நாடகமாக் கேட்டா விளங்கிக்கொள்ளுவான் எண்டாங்க. அண்டைக்குப் பொம்பிளையள்ட பக்கத்தில அவங்களும் இருந்தாங்க. முடிஞ்சதும் வந்து, 'மகன் எந்த இடத்தில எழும்பினான்?' எண்டு கேட்டாங்க. நான் சொன்னன். 'அப்ப அவன் கேக்கல்ல' எண்டாங்க. கேடயம் கெடைச்சா திரும்பப் போடுவம், அப்பக் கேப்பாரு எண்டு நான்தான் அவங்களத் தேத்தி அனுப்பினன்."

என் வீடிருக்கும் தில்லையடிக்குத் திரும்பி வந்த வழி எனக்கு நினைவில்லை. தெரிவுக் கூட்டம் நடந்த நாள் மட்டும் நினைவுக்கு வந்தது. அன்று நான் வீட்டுக்கு வந்தபோது உம்மா வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் கேடயத்தைப் பற்றி அதற்கு முன் ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

"ஆருக்கு மகன் குடுத்தீங்க?"

"கொழும்பு ஆக்களுக்கு உம்மா."

"அப்ப அந்தக் கரைத்தீவு நாடகத்தத் திரும்பப் போட மாட்டாங்களா?"

"இல்ல உம்மா, இனிப் போட மாட்டாங்க" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.