கடலில் வைத்த பெயர்

“...கடலுக்குள்ள போடாத மனே! அதுகள் மூணும் உசிரோட இரிக்கிதுகள்!”

என் கதிரைக்குப் பின்னால் நின்ற வயதான உம்மா ஒருவர் போட்ட சத்தத்தில், மவுஸை இழுத்துக்கொண்டிருந்த என் கை பாதியில் நின்றது.

சுனாமிக்கு அடுத்த வருடம். கல்முனையில் ஒரு வீட்டுத்திட்ட அலுவலகத்தில் எனக்கு வரைபடம் போடுகிற வேலை. யாரிடமும் படித்ததில்லை, தட்டித் தட்டிப் பழகிக்கொண்டது. எந்த வளவில் யாருடைய வீடு இருந்தது என்று தெருவுக்கொரு தாள் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் புதுவீடு கொடுப்பார்கள். தாளில் பெயர் இல்லையென்றால் வீடும் இல்லை.

மென்பொருளைத் திறந்து, ஒவ்வொரு பெயராக இழுத்து வைத்து, எழுத்தைச் சிறிதாக்கி, கையால் தாளை அடுக்குகிறவன் நான். பக்கத்து மேசைத் தம்பி, கைத்தறியில் லுங்கிச் சாரன் நெய்கிற மருதமுனைக்காரர், கணினி நிரல், அதாவது கோட், எழுதுகிறவர். அண்ணன் முறை வைத்து என்னை ‘நானா’ என்பார்.

“நானா, தறியில பாவு பூட்டினா மறுகா சாரன் இறங்குறதானே! கோட ஒருக்கா எழுதினா எல்லாத் தாளும் அப்பிடி இறங்கும். நீங்க மவுஸப் பிறாண்டிக்கிட்டு இரிங்க, பேரப்புள்ளையள் வந்து முடிக்கும்.”

“ஓம், சாரன்ல ஆக்கள்ற பேர் எழுதுறல்லயே தம்பி.”

எங்கள் வாய்ச்சண்டையை மேலதிகாரி தீர்த்து வைத்தார். “றோட்ட எப்ப ஆமி மறிப்பானுகளோ தெரியா. வரைபடச் சுருளோட செக் பொயின்ட்ல ஒவ்வொரு நாளும் நிக்க ஏலா. ஒரே தரமா அம்பாறை மாவட்ட ஒபிசுக்குக் கொண்டு போகணும். கோட்டே எழுதுங்க.”

தம்பி எழுதினார். ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாத் தாள்களும் வந்து விழுந்தன. நானே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சனம் பார்த்துச் சரிபிழை சொல்லட்டும் என்று சுவரில் ஒட்டினோம். மத்தியானம் வாகனம் புறப்பட வேண்டும்.

அப்போதுதான் அந்த உம்மா வந்தார். தன் தெருவைத் தேடிப் பிடித்து, விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“எனக்கு நாலு பொம்புளப்புள்ள. ஒரு வளவுக்குள்ளதான் நாலு ஊடும் கட்டிக் குடுத்தன். இதில மூத்தவட பேர் மட்டும் இரிக்கி. கடல் கொண்டு போனது அவளத்தான், மனே. மத்த மூணு பேரும் கேம்ப்ல கிடக்காளுகள். மவுத்தானவளுக்குத்தானா ஊடு?”

நானும் தம்பியும் எழுந்து அந்தத் தாளுக்குக் கிட்டப் போனோம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். பெற்றவர்கள் தங்கள் வளவையே துண்டு போட்டு, சுவரோடு சுவராகக் கட்டிக் கொடுப்பார்கள். நாலு வீடு நெருங்கி நின்றால் நாலு பெயரும் ஒன்றோடொன்று முட்டும். முட்டினால் இருக்கிற இடத்துக்குள் அடங்குகிற பெயரை வைத்து மற்றதை விடச் சொல்லியிருந்தது கோட். மூத்தவளின் பெயர் சின்னப் பெயர், அது அடங்கியது. மற்றத் தாள்களையும் ஓடியோடிப் பார்த்தோம். பெண்பிள்ளைகள் நிறைந்த வளவெல்லாம் ஒற்றைப் பெயரோடு நின்றது.

தம்பி நிலத்தில் குந்திவிட்டார். “யா அல்லாஹ்! பேர் முட்டாமப் போடு எண்டுதான் எழுதினன் நானா. ஆளத் தூக்கு எண்டு எழுதல்லயே.”

வாகனக்காரரைப் போகவிடாமல் நிறுத்திவிட்டு, அந்தத் தாளை என் கணினியில் திறந்தேன். உம்மா பின்னால் வந்து நின்றார். கரைப்பக்கம் ஊசி குத்த இடமில்லை: வீடு, ஒழுங்கை, பள்ளிவாசல், மறுபடி வீடு. வலப்பக்கம் மட்டும் வெறும் நீலம். அளவுகோலும் வடக்கு காட்டும் அம்புக்குறியும் நான் எப்போதும் வைக்கிற இடம் அதுதான். இடமில்லாத பெயரை அங்கே வைத்து, வீட்டுக்கு ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுவது வழக்கம். இரண்டாம் மகளின் பெயரைப் பிடித்து, கரையைத் தாண்டி நீலத்துக்குள் இழுத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

அது வெறும் நிறம்தான் என்று சொல்லப் பார்த்தேன். அத்தனை நாளும் அந்த நீலத்தில் எழுத்துகளை அடுக்கியிருக்கிறேன். அது கடல் என்று ஒருநாளும் என் மனதில் பட்டதில்லை. என் விரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது, பெயர் தண்ணீருக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

உம்மா என் தோளைத் தாண்டிக் குனிந்தார். மவுஸின் வயரை என் கையோடு சேர்த்துப் பிடித்து, கரைப்பக்கமாக இழுத்தார். பெயர் நீலத்தை விட்டு வீடுகளின் மேல் ஏறியது.