எட்டு மணி ரீஸ்டார்ட்

அந்த மருத்துவமனையில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரைக் கைராசிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு, முகம் கழுவிக்கொண்டு வந்து, வலது ஆள்காட்டி விரலால் டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்வார். ரெண்டே நிமிஷத்தில் நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் பறக்கும். வேறு யாரையும் தொட விடமாட்டார். வீட்டில் காய் நறுக்கும்போதுகூட அந்த விரலுக்கு உறை போட்டுக்கொள்கிற மனிதர்.

உண்மை என்னவோ வேறு. படித்த ரிப்போர்ட்டை டேட்டாபேஸ் தன் மெமரியில் வைத்துக்கொள்ளும். அதையே ஆப்பரேட்டிங் சிஸ்டமும் தன் பங்குக்கு இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால் டேட்டாபேஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் தன் பிரதியிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துக் கொடுக்கும். பேர் மட்டும் விரலுக்கு.

ஒருநாள் சாயங்காலம் இந்த ரெட்டை வேலை அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"ஒரே சாமான ரெண்டு பீரோவுலயா வைப்பாங்க?" என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பிரதியை நிறுத்தி, மெமரி மொத்தத்தையும் டேட்டாபேஸுக்கே கொடுத்தார். மறுநாள் எட்டு மணிக்கு விரல் பட்டது. எடுத்துக் கொடுக்க ஆளில்லை; ஒவ்வொன்றையும் டிஸ்கிலிருந்து தேட வேண்டியதாயிற்று. பத்தரை வரை எல்லாம் ஆமை வேகம்.

விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினார், மோதிரத்தைக் கழற்றினார். தினமும் அதே கதை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார் தலைமை டாக்டரம்மா. கைராசிக்காரருக்கு அன்றிலிருந்து அதே நினைப்பு. அந்த நினைப்பில் வியாழக்கிழமை சாயங்காலம் உறை போட மறந்து, விரலையே நறுக்கிக்கொண்டார்.

"கட்டோட போய் அதத் தொடாதீங்க, இருக்கற வேலையும் போயிடும்" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை அவர் தொடவில்லை. முந்தின நாள் சேர்த்ததையெல்லாம் டேட்டாபேஸ் மறக்காமல் வைத்திருந்தது. எட்டு மணிக்கே ரிப்போர்ட்டுகள் பிய்த்துக்கொண்டு பறந்தன.

டாக்டரம்மா ஓடி வந்தார். "அடேங்கப்பா! என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க. விரல்ல கட்டு, அதான் தொடவே இல்ல."

டாக்டரம்மா விரலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "அப்ப பதினோரு வருஷமா என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

கைராசிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

வேலை போகவில்லை. விரலும் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. கட்டை மட்டும் டாக்டரம்மாவே திங்கட்கிழமை தோறும் புதிதாகப் போட்டுவிடுகிறார்.