வெர்னா சுடாமல் விட்ட இடம்

வெர்னா லூயிஸ் ஸ்கோக்ஸ்டாட், பிறப்பு 1946, மறைவு 2020. மொன்டானா மாநிலத்தின் கோதுமை வயல்களுக்கு நடுவிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். அவ்வூர்ப் பேரங்காடியில் கேக்குகளுக்கு அலங்காரம் செய்து ஓய்வு பெற்றார். அதன்பின் கைத்துப்பாக்கிப் பிடிகளுக்குச் சொரசொரப்பு ஏற்றிக்கொடுத்தார்.

இரண்டாவது தொழில் அவருடைய கணவர் ஆர்லனால் வந்தது. தானியக் கிடங்கில் வேலை பார்த்த ஆர்லன், வார இறுதிகளில் ஊர்ச் சங்கத்தின் குறிசுடும் போட்டிகளுக்குப் போவார். ஒரு மழைநாளில் கடைசி இடத்தைப் பிடித்து வீடு திரும்பியவர், பழியைத் துப்பாக்கியின்மேல் போட்டார்.

"ஈரக் கையில சோப்புக்கட்டி மாதிரி வழுக்குது, வெர்னா. பிளாஸ்டிக்குப் புடி, என்ன செய்ய?"

"துப்பாக்கி வழுக்குதா, இல்ல நீ வழுக்குறியா?"

கேலி செய்தாரே ஒழிய வெர்னா அதை அப்படியே விட்டுவிடவில்லை. வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் மின்சாரச் சூட்டுக்கோலை எடுத்து, உடைந்த பிளாஸ்டிக் வாளி ஒன்றின்மேல் புள்ளி வைத்துப் பார்த்தார். கோலின் முனை பட்ட இடம் உருகிக் குழிந்தது. குழியைச் சுற்றிச் சிறு விளிம்பு எழும்பியது. கேக்கின்மேல் பாலேட்டுப் புள்ளிகளை வரிசை பிசகாமல் வைத்துப் பழகிய கைக்கு இது புது வேலையாகத் தோன்றவில்லை. ஆர்லனின் துப்பாக்கிப் பிடி அடுத்த மழைக்கு வழுக்கவில்லை. போட்டியில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வெர்னாவின் சமையலறைக் கதவைத் தட்டத் தொடங்கினார்கள்.

வந்தவர்களில் ஆண்கள் கேட்டது பெரும்பாலும் ஒன்றுதான். "உப்புத்தாள் மாதிரி இருக்கணும், வெர்னா. தொட்டா தோலு உரியணும்." அந்த வட்டாரத்தில் பிடியின் முரட்டுத்தனம் பிடிக்கிறவரின் பெருமையைச் சேர்ந்தது. வெர்னா மறுத்துப் பேசுவதில்லை. துப்பாக்கியின் அடையாள எண் பொறித்த சிறு தகட்டை முதலில் நாடா ஒட்டி மறைப்பார். அந்த எண் சிதைந்தால் சட்டப்படி குற்றம். பிறகு சன்னலில் காற்றாடியை ஓடவிட்டு, உருகும் பிளாஸ்டிக்கின் நாற்றம் வெளியேற, வேலையில் இறங்குவார்.

2014ஆம் ஆண்டு கோடையில் ரோண்டா பிகார்ட் வந்தாள். மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃபின்கீழ் ரோந்து வண்டி ஓட்டும் துணை அதிகாரி. வலக்கையில் மெல்லிய, இறுக்கமான உறை போட்டிருந்தாள். காலி செய்த துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள்.

"மிஸஸ் ஸ்கோக்ஸ்டாட், உங்களால எவ்வளவு முரடா செய்ய முடியுமோ அவ்வளவு முரடா வேணும். ஷெரிஃப்கிட்ட அனுமதி வாங்கிட்டேன்."

வெர்னாவின் பார்வை உறையின்மேல் ஒரு கணம் நின்று விலகியது. அந்த நாட்டில் ஒரு பண்ணைக்காரரிடம் எத்தனை மாடு வைத்திருக்கிறீர் என்று கேட்பது, சொத்துக் கணக்கைக் கேட்பது போல, மரியாதைக் குறைவு. உடம்பில் கட்டோ உறையோ போட்டிருப்பவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்பதும் அப்படித்தான். அவராகச் சொன்னால் உண்டு. ரோண்டா சொல்லவில்லை. வெர்னா கேட்கவில்லை. ரோண்டா விரும்பியபடியே, பிடியின் நான்கு பக்கமும் ஊசி முனையால் நெருக்கிச் சுட்டு, முட்செடி போலாக்கிக் கொடுத்தார்.

மறு வாரமே ரோண்டா திரும்பி வந்தாள். பிடியின் குழிகளில் காய்ந்த இரத்தம் இருந்தது. உறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல்; வழவழவென்று, இளஞ்சிவப்பாக, நடுவில் கிழிந்திருந்தது.

"ஏப்ரல்ல வீட்டுல குப்பை எரிக்கிற பீப்பாயில யாரோ ஸ்பிரே டப்பாவப் போட்டிருக்காங்க. வெடிச்சிருச்சு. இந்தத் தோலுக்கு வேர்க்காது. கொஞ்சமாவது வேர்வை இருந்தாத்தான் பிடிமானம்; உறை போட்டாலும் வெறும் பிளாஸ்டிக் நிக்கவே மாட்டேங்குது. முரடாக்கினா உறையையும் தாண்டித் தோலு கிழியுது."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே, கண்ணு."

"நீங்க கேட்டிருக்கலாமே!"

வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டார், காப்பி ஊற்றினார். மீதியை ரோண்டா தானாகவே சொன்னாள். செப்டம்பரில் வருடாந்தரச் சுடுதேர்வு. அதில் தேறாவிட்டால் ரோந்து வண்டி போய்விடும். அலுவலகத்தில், ரோந்து வண்டிகளோடு பேசும் வயர்லெஸ் முன் உட்காரவைத்துவிடுவார்கள்.

"எங்க அப்பா டிராக்டர் ஓட்டினாரு, நான் ரோந்து ஓட்டுறேன். நாலு சுவத்துக்குள்ள உக்காந்து மைக்குல பேசுறதுக்கா இந்த வேலைக்கு வந்தேன்?"

உருகிய பிளாஸ்டிக்கை உருகாததாக்க முடியாது. பிடியும் உடலும் ஒரே வார்ப்பு. எண் பொறித்த அந்த உடல்தான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. அதைத் தூக்கிப்போட்டு வேறொரு பிடியை மாட்டிக்கொள்ள வழியில்லை. தேய்க்கலாம், ஆனால் பிடியின் சுவர் மெல்லியது, தேய்ப்பதற்கும் எல்லை உண்டு. தேய்த்துவிட்டால் மீண்டும் வழுக்கும். வெர்னா பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து கேக்குகளுக்குத் தூவும் மாவுச் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து வந்தார்.

"இடக்கையில இதப் பூசிக்க. வலக்கையில உறையப் போட்டுக்கிட்டு, எப்பவும் சுடுறப்ப எப்படிப் புடிப்பியோ அப்படிப் புடி. சுவத்தப் பாத்து நில்லு."

உள்ளே வந்த ஆர்லன் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன, துப்பாக்கிக்கும் பிறந்தநாளா?"

"நீ போயி மாட்டுக்குத் தண்ணி வை."

"நம்மகிட்ட மாடே இல்லியே!"

"அப்ப வாங்கிட்டு வந்து வை."

ரோண்டா முதன்முறையாகச் சிரித்தாள். பிடியைக் கீழே வைத்ததும் இருவரும் குனிந்து பார்த்தார்கள். இடது பக்கத்தில் வெள்ளை லேசாகத் தூவினாற்போல் இருந்தது, அவ்வளவே. விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக் காப்பின் அடியில் இடது ஆள்காட்டி விரல் அழுந்த வேண்டிய இடத்தில் ஒன்றுமே ஒட்டவில்லை.

"உன் இடது கை விருந்துக்கு வந்தவங்க மாதிரி ஓரமா நிக்குது," என்றார் வெர்னா. "வேலை பூரா அடிபட்ட கைதான் செய்யுது. கேக்குல நான் பூ வைக்கிறப்ப வலக்கை பாலேட்டுப் பையப் பிழியும். முனை ஆடாமப் புடிக்கிறது இடக்கை. இதுவும் அப்படித்தானோ என்னவோ. செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

"சரிவரலன்னா?"

"சரிவரலன்னா ரெண்டு பேருமா வருத்தப்படுவோம். இப்பவே ஏன்?"

மூன்று நாள் அவர் வேறெந்த வேலையையும் தொடவில்லை. ஒட்டுத்தோல் படுகிற வலது பக்கத்தையும் பின்புறத்தையும் ஈர உப்புத்தாளால் தேய்த்து, கூழாங்கல் போல் வழவழப்பாக்கினார். சுவர் மெலிகிறதா என்று அடிக்கடி விளக்கின்முன் பிடித்துப் பார்த்துக்கொண்டார். இடது பக்கத்தில் பழைய குழிகளுக்கிடையே இன்னும் ஆழமாகச் சுட்டார். விசைக் காப்பின் அடியிலும், முன்புறம் விரல் நுனிகள் பற்றுகிற குறுகலான பட்டையிலும் அதேபோல். ரோண்டாவின் விரல்களில் தீ படவில்லை. அங்கே அவளுடைய சொந்தத் தோல் இருந்தது.

சோதனை வீட்டின் பின்புறம், குன்றின் மண்சரிவை நோக்கி நடந்தது. வெர்னா பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, வெற்றுத் துப்பாக்கியைப் பிடித்திருந்த ரோண்டாவின் கைகளில் ஊற்றினார். ஆர்லன் துப்பாக்கிக் குழலைப் பிடித்து இழுத்தார், பலமாகவே இழுத்தார். பிடி அசையவில்லை. துடைத்து உலர்த்திய பிறகு ரோண்டா சுடத் தொடங்கினாள். முதல் சில குண்டுகள் மண்ணெங்கும் சிதறின. பழக்கமில்லாத கை வேலைக்கு வந்திருந்தது. பிறகு அவை மெல்ல மெல்லக் காகித வட்டத்துக்குள் நெருங்கின. உறையைக் கழற்றிப் பார்த்தாள். தோல் கிழியவில்லை.

"தினமும் வந்து சுட்டுக்கோ," என்றார் ஆர்லன். "எனக்கும் மாடு வாங்குற வேலை மிச்சம்."

ஆகஸ்ட் முழுவதும் அவள் வந்தாள். தேர்வு நாளன்று வெர்னா காலையிலிருந்து ஒரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்ததாக ஆர்லன் பின்னாளில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நண்பகலுக்குப் பின் சரளைப் பாதையில் புழுதி எழுந்தது. ரோந்து வண்டி; மேலே சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன, சத்தமில்லாமல். ரோண்டா சன்னலை இறக்கினாள்.

"தேறிட்டேன், வெர்னா! ரொம்ப நல்ல மார்க்குன்னு சொல்ல முடியாது. ஆனா வண்டி என்னோடதுதான்."

"அப்ப அந்த விளக்க அணை. பக்கத்து வீட்டுக்காரன் என்னைப் புடிச்சிட்டுப் போக வந்திருக்காங்கன்னு நெனப்பான்."

'மிஸஸ் ஸ்கோக்ஸ்டாட்' அன்றோடு போய் 'வெர்னா' வந்ததை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பின் வெர்னாவின் வழக்கம் ஒன்று மாறியது. யார் வந்தாலும் துப்பாக்கியைப் பார்க்குமுன், "கையக் காட்டு," என்பார். சிலர் முகம் சுளித்தார்கள். காட்டாமல் திரும்பியவர்கள் அதிகமில்லை.

ஒட்டுத்தோல் ஆண்டுதோறும் கொஞ்சம் தடித்தது, கொஞ்சம் இளகியது, அந்த அளவுக்குச் சொரசொரப்பையும் தாங்கியது. குளிர் விட்டதும் மே மாதத்தில் ரோண்டா வருவாள்; கையை மேசைமேல் விரிப்பாள். வெர்னா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, வழவழப்பாக விட்டிருந்த பகுதியின் ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு நுண்ணிய புள்ளிகள் வைப்பார். ஆண்களுக்கு வைக்கிற முள் அல்ல அது. ஆரஞ்சுப் பழத்தோலின் அளவுக்கு மேடு. வெற்றிடம் ஒவ்வொரு வசந்தத்திலும் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் உள்ளங்கையின் நடுக்குழிக்கு நேரே, கட்டைவிரல் நகமளவுக்கு மிஞ்சியிருந்தது.

அதற்குள் வெர்னாவின் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. புது வேலைகளை அவர் ஒப்புக்கொள்வதில்லை. ரோண்டாவுக்காக மட்டும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சூட்டுக்கோலைக் கடைசியாகக் கையிலெடுத்து, அந்த நகமளவு இடத்தை நிரப்பியது 2019ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், சனிக்கிழமை.