காட்டாத விரல்

என் வீட்டுக்காரர் பெருநகர் என்கிற எங்கள் ஊரில் ஒரு நிலக்காரரிடம் டிராக்டர் ஓட்டினார். எங்களுக்கு நிலம் கிடையாது. அந்த வண்டிதான் சோறு.

உழும்போது வரப்பை உடைத்தார். மாடு குறுக்கே வந்தது என்றார். பிறகு ரோட்டோரம் ஓர் ஆட்டின் மேல் ஏற்றினார். ஆடு ஓடி வந்தது என்றார். அது கயிற்றில் கட்டியிருந்ததை நான் பார்த்தேன்.

"கண்ணக் காட்டிக்கினு வரலாம்யா."

"எனுக்கு இன்னா மே? தோ, கோபுரம் தெரியிது."

கண்ணாடி இலவசமாகத் தருவார்கள் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். உத்திரமேரூரில் பஸ் மாறி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பெரிய டாக்டரம்மாவைச் சுற்றி நின்றார்கள். அந்தம்மா ஒரு பெண்ணை இவர் எதிரில் உட்காரவைத்து, பார்வையைச் சோதிக்கச் சொன்னார்.

"பரிட்சையா பாப்பா? உனுக்கா, எனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான் ஐயா."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் இவரை ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னது. தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் விரல் நீட்டியது. ரெண்டு என்றார். ஒண்ணு என்றார். எல்லாம் சரி. நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு தடவையும் இவர் கண் திருட்டுத்தனமாக விரலுக்குப் போய்த் திரும்பியது.

"நார்மல் மேம்."

"அவர் கண்ணப் பாத்தியா, உன் விரலப் பாத்தியா?" டாக்டரம்மா தானே எதிரில் உட்கார்ந்தார். "கண்ண ஆட்டாம என் மூக்கப் பாருங்க. இந்தப் பக்கம் எத்தனை விரல்?"

"ரெண்டு."

அந்தம்மாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

ஒரு பையன் சிரித்தான். டாக்டரம்மா திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினான்.

"இவர் ஏன் தெரியுதுன்னு சொல்றார்? அதக் கேக்காம டெஸ்ட் பண்ணா ஏமாந்து போவீங்க. என்ன வேலைன்னு கேளு."

பெண் கேட்டது. இவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"சொல்லாத மே."

மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

ஆடு செத்த இடத்தில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும்.

"டிராக்டர் ஓட்றாரும்மா" என்றேன்.

டாக்டரம்மா பிள்ளைகளுக்குச் சொன்னது எனக்கும் புரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு சாகிறது. வலிக்காது. ஓரப் பார்வை முதலில் போகும். போனது வராது. மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

"வண்டி இனி வேணாம் ஐயா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் வண்டிச் சாவியை என் கையில் வைத்தார்.

"நீயே போயி குட்துட்டு வா."

கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது நடவுக்கும் களை எடுக்கவும் நான் போகிறேன். சொட்டு மருந்துக்கு மட்டும் தலையைத் தூக்கிக் காட்டுவார். பேச்சு குறைந்துவிட்டது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது வேறு பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பையன் எதிரில் உட்கார்ந்து விரல் நீட்டினான். இவர் அவன் மூக்கையே பார்த்தார். கண் ஆடவில்லை.

"எத்தனை விரல் ஐயா?"

"தெரியில நைனா. எயுதிக்க."