வீட்டுக்கு வந்த மூட்டை

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் ஒரு மில்லில் வேலை பார்த்தேன். கூலி உயர்வு கேட்டு நாங்கள் வேலையை நிறுத்தியதும், முதலாளி மூட்டைகளை வண்டியேற்றி எங்கள் வீடுகளுக்கே அனுப்பினார். விதைக்காயை மிஷினில் போட்டால் பருப்பு உடையும். அதனால் பெண்கள் அதை வீட்டில் கையால் உரித்துக் கூலி வாங்குவது வழக்கம்தான். இப்போது வந்ததோ மில் மிஷினில் நாங்கள் உடைக்கும் எண்ணெய்க்கான காய். என் மனைவி உரித்தால் போராட்டத்தை என் வீடே முறிக்கும். சங்கம் தரும் நிவாரண அரிசி பத்தாது, உரிக்காவிட்டால் அடுப்பு எரியாது.

வீட்டில் உரிப்பதும் மில் வேலைதானா, அதையும் நிறுத்த வேண்டுமா என்பதுதான் சங்கத்தில் பேச்சு. விழுப்புரத்திலிருந்து வந்த ரயில்வே தோழர் நிறையப் படித்தவர். "மணி அடிச்சா உள்ள போறதில்ல, மேஸ்திரி இல்ல. நெனச்சா உரிக்கிறாங்க, இல்லன்னா படுத்துக்கிறாங்க. இது எப்பிடிங்க கூலி உழைப்பு?" என்றார்.

சங்கத் தலைவர் தையல்காரர். "காய் யாருது தோழரே? பருப்பு யாருது? விரலு மட்டும்தான் அவங்களுது, அதுலயும் நகம் தேஞ்சி போச்சி. ஊருக்கு எண்ணெய் வேணும்னுட்டா மில்லு ஓடுது? லாபத்துக்கு ஓடுது. மிஷின் நின்னா விரல வெச்சி ஓட்டுறான்."

ஏழாவதோடு நின்றவன் நான், பாதிதான் புரிந்தது. ஆனாலும் ரயில்வே தோழர் ஜெயிக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். மூட்டை வீட்டிலேயே இருக்கலாமே. கை தூக்கச் சொன்னபோது தையல்காரர் பக்கம்தான் அதிகம். மூட்டைகளைத் திருப்பி அனுப்ப முடிவானது.

வீட்டில் மனைவி பிரிக்காத மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"நீயும் கூலித் தொழிலாளிதானாம். மூட்டைய அனுப்பிடணுமாம்."

"அப்ப எனக்கும் சங்கத்துல மெம்பர் சீட்டு உண்டா? உங்களுக்குக் குடுக்கிற நிவாரண அரிசி எனக்கும் உண்டா?"

அதை அங்கே யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

"கேட்டுக்கினு வாங்க. அதுவரிக்கும் பிரிக்கவும் மாட்டேன், அனுப்பவும் மாட்டேன்."

சங்கத்துக்குத் திரும்பப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் யாரோ, "பொண்டாட்டி அனுப்பிச்சாளா?" என்று சிரித்தார்கள். தையல்காரர் சிரிக்கவில்லை. ரயில்வே தோழரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"அது வேற விஷயம், அப்புறம் பேசலாம்" என்றார் தையல்காரர்.

எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவன் நான். "இப்பவே பேசுங்க. மூட்டை வீட்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு, உட்காராமல் அங்கேயே நின்றேன்.