அன்பரசி நீலம் அடித்த கார்

தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கும்பலில் அன்பரசி ஒருத்தி. முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து, செடிகளுக்கு இடையே முளைத்த களையை நனைத்துக்கொண்டே மலையேறுவதும் இறங்குவதும்தான் அவள் வேலை. பிறந்தது அதே தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில். தாய் தகப்பன் இருவரும் அங்கேயே கொழுந்து எடுத்து அங்கேயே போய்ச் சேர்ந்தவர்கள். அன்பரசிக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பிள்ளை இல்லை. புருஷன் இருக்கிறானா என்று கேட்டால் மட்டும் சட்டென்று, "ஜொகூர்ல இருக்காரு" என்பாள்.

புருஷன் மகேன் அதே மலையில் இருக்கும் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவன். மலைக்குக் கீழே தெற்கே இருக்கும் ஜொகூரில் சம்பளம் அதிகம் என்று கிளம்பியபோது தன் பழைய கஞ்சில் காரை லைன் முன்னால் நிறுத்திவிட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்தான். "வீடு பாத்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் காரைப் பாத்துக்க," என்றான். முதல் வருஷம் அடிக்கடி போன் பண்ணினான். அப்புறம் தீபாவளிக்கு மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. அவள் அனுப்பும் செய்தியைப் படித்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் மட்டும் விழும்.

பக்கத்து வீட்டு மாரியம்மா ஒருநாள் கேட்டே விட்டாள். அவளும் அதே மருந்தடிக்கும் கும்பல்தான். "இன்னுமா நீ நம்புற?"

"வராதவரு காரை விட்டுட்டா போவாரு?" என்றாள் அன்பரசி.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் வாராவாரம் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்துவிட்டு அணைப்பாள். உள்ளே துடைத்து வைப்பாள். வெளிப்பக்கம்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓயாத மழையிலும் பனியிலும் கூரை வெளுத்துத் தோலுரிந்து, கதவுகளின் அடிப்பக்கம் துரு ஏறி, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கைவிட்ட வண்டியாகவே தெரிந்தது.

ஒரு காலை தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி சுப்பிரமணியம் சிவப்புச் சாய டப்பாவோடு லைனுக்கு வந்தார். துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளின் கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தவர் கஞ்சிலிலும் போட்டார்.

"கிராணி, இது ஓடுற வண்டி!"

"தெரியும்மா. தோட்டத்துத் துரை லைன் பக்கமெல்லாம் சுத்தமா இருக்கணும்னு சொல்லிட்டாரு. டூரிஸ்ட் வர்ற ரோடு. இரும்புக்கடை லோரி வந்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிரும்."

"அவரு கேட்டா நான் என்னான்னு சொல்வேன்?"

சுப்பிரமணியம் கெட்டவர் இல்லை. "ஓடுதோ ஓடலையோ, பாக்கறதுக்கு ஒரு கார் மாதிரி இருக்கணும்லா. சாயம் கீயம் அடிச்சு வெச்சீன்னா நான் துரைகிட்ட பேசிப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து ஊரான ரிங்லெட்டில் இருக்கும் கார்ப் பட்டறைக்காரன் போட்டோவைப் பார்த்துவிட்டு, இதில் கை வைக்க மாட்டேன் என்று போனைத் திருப்பிக் கொடுத்தான். அன்பரசி அடுத்த பஸ்ஸில் தானா ராத்தா டவுனுக்குப் போய் நூர்தீன் கடையில் ஏறினாள். ஆணி முதல் தண்ணீர்க் குழாய் வரை விற்கிற கடை அது. கூரைக் கம்பியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்ப்ரே கன் தொங்கியது. கரண்டில் செருகினால் தானே காற்றடிக்கும் சாதனம். கீழே சாயம் ஊற்ற ஒரு பிளாஸ்டிக் குவளை.

"தங்கச்சி, அது வேலிக்கும் அலமாரிக்கும் அடிக்கிறது," என்றார் நூர்தீன். "காருக்குன்னா காம்ப்ரஸர் வேணும்."

"அதுக்கு நான் எங்கண்ணே போவேன்? இதுல அடிச்சா ஒட்டாதா?"

"ஒட்டும். ஒட்டுறது வேற, அழகா இருக்கறது வேற." அவர் கன்னை இறக்கிக் கொடுத்தார். பெட்ரோல் மூடிக்கு உள்ளே மங்காமல் இருந்த நிறத்தை அவள் போட்டோ எடுத்து வந்திருந்தாள். அதை வைத்துச் சாய நம்பர் தேடி நீலச் சாயத்தைக் கலந்தார். "தின்னர் ஊத்தி நல்லா இளக்கிக்க. மூக்கைக் கட்டிக்க. முக்கியமா ஒண்ணு, பனி இறங்குற நேரத்துல அடிக்காத. ஈரம் பட்டா வெள்ளையாப் பூத்துரும்."

துருவைச் சுரண்டுவதற்கே அவளுக்குப் பல நாள் மாலைகள் போயின. சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. ஓட்டை விழுந்த இடங்களில் பட்டி அப்பினாள். கண்ணாடிக்கும் விளக்குக்கும் பழைய பத்திரிகைத் தாளை ஒட்டினாள். கிராணி போட்ட சிவப்புக் குறியைத் தின்னர் துணியால் துடைத்து எடுத்தாள். சாம்பல் நிற பிரைமர் ஏறியதும் காரைப் பார்க்க மொட்டையடித்த ஆள் மாதிரி இருந்தது.

நீலம் அடிக்கும் வேலை தனக்குச் சுலபம் என்றுதான் அன்பரசி நினைத்திருந்தாள். இத்தனை வருஷம் ஸ்ப்ரே பிடித்த கை. ஆனால் அந்தக் கைதான் அவளைக் கெடுத்தது. களைக்கு மருந்தடிக்கும்போது இலை நனைந்து சொட்டும் வரை ஒரே இடத்தில் காட்டிப் பழக்கம். காரின் கதவிலும் அப்படியே காட்டினாள். சாயம் மெழுகு உருகுவதுபோல் கோடு கோடாக வழிந்து நின்றது. காய்ந்ததும் எல்லாவற்றையும் தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் தடவை கையை நிறுத்தாமல் வீசினாள். கூரையும் முன்மூடியும் பளபளவென்று வந்தன. மாரியம்மாகூட வாசலில் நின்று, "ஏய், நல்லாருக்குடி!" என்றாள். அந்த நேரத்தில் எதிர்மலையிலிருந்து மூடுபனி உருண்டு வந்தது. அன்பரசி ஓடிப் போய்ப் போர்வையையும் பிளாஸ்டிக்கையும் கொண்டுவருவதற்குள் லைன் முழுக்க மறைந்துவிட்டது. பனி விலகியபோது நீலத்தின் மேல் பால் கொட்டிய மாதிரி வெள்ளை பூத்திருந்தது. அவள் ஈரக் காரின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. இருட்டும் வரை எழுந்திருக்கவும் இல்லை.

"விட்டுத் தொலை," என்றாள் மாரியம்மா. "இரும்புக்கடைக்காரன் எடுத்துட்டுப் போகட்டும். உனக்கு என்னா நஷ்டம்?"

"அப்படிச் சொல்லாதக்கா."

மூன்றாம் தடவைக்கு அவள் மழை ஓயும் காலத்துக்காகக் காத்திருந்தாள். கிராணியைக் கெஞ்சித் தவணை வாங்கினாள். காய்கறித் தோட்டத்தில் கிழித்துப் போட்ட கூடாரப் பிளாஸ்டிக்கைக் கேட்டு வாங்கி, மூங்கில் நட்டுக் காருக்கு மேல் கூரையாகக் கட்டினாள். வெயில் நன்றாக ஏறிய ஒரு காலையில், சம்பளம் இல்லாத லீவு போட்டுவிட்டு, தூசி பறக்காமல் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஆரம்பித்தாள். கன்னை ஒரு ஜாண் தூரத்தில் பிடித்தாள். கை ஓட ஆரம்பித்த பிறகு விசையை அழுத்தினாள். மெல்லிய பூச்சு, காயவிட்டு இன்னொன்று. கன் நடுவில் இருமி இருமித் துப்பியது. நிறுத்தி, அதன் மூக்கைக் கழற்றிக் கழுவி மறுபடியும் தொடர்ந்தாள்.

அன்று பனி வரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு இருந்தது, கூரையில் ஒரு கொசு ஒட்டிக் காய்ந்திருந்தது. நாலடி தள்ளி நின்றால் அது ஒரு நீலக் கார். பார்க்க வந்த சுப்பிரமணியம் சுற்றி வந்துவிட்டு, "பரவால்லையே," என்றார். "இதுக்கு மேல துரை ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அன்பரசி போட்டோ எடுத்து மகேனுக்கு அனுப்பினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தபோது பதில் இருந்தது. "யாரு அடிச்சா?"

"நான்தான்."

"சூப்பர். ஞாயித்துக்கிழமை வரேன்."

அதை மாரியம்மாவிடம் மூன்று முறை காட்டினாள். சனிக்கிழமை வீட்டைக் கழுவினாள். ஞாயிறு காலை கோழியை வறுத்து, அவனுக்குப் பிடித்த நெத்திலி சம்பலும் அரைத்து வைத்தாள். மகேன் பஸ்ஸில் வந்து இறங்கி லைனுக்கு நடந்து வந்தான். தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் அடித்து, கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். அவளைப் பார்த்து, "எப்படி இருக்க அன்பு?" என்றான். பதில் வருவதற்குள் காரிடம் போய்விட்டான். கதவைத் தடவினான். குனிந்து பார்த்தான். "கடையில அடிச்ச மாதிரி இருக்குலா!" என்று சிரித்தான். அவளுக்கு அந்த ஒரு வார்த்தையே போதும் போலிருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டான். "சாவி எங்க?"

"எங்கேயாச்சும் போறோமா?"

மகேன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். "அன்பு, உன்கிட்ட மறைக்க முடியாது. அங்க எனக்கு வீடு இருக்கு. பிள்ளையை ஸ்கூலுக்குக் கொண்டு விடணும். மோட்டர் சைக்கிள்ல கொண்டு போனா மழையில நனையுது."

அவள் அவன் சாப்பிட்ட தட்டை எடுத்தாள். வெளியே யாரோ ரேடியோவைத் திருகும் சத்தம் கேட்டது.

"கார் என் பேருலதான இருக்கு," என்றான் அவன், அவள் மறுத்துப் பேசிவிட்ட மாதிரி.

அன்பரசி சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சாவியை எடுத்து வந்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "சாயம் இன்னும் நல்லா இறுகல. நாளைக்குப் போங்களேன்," என்றாள்.

"இல்ல. மழை வர்றதுக்குள்ள மலை இறங்கிடணும்."

"அப்போ ரெண்டு வாரத்துக்குக் கழுவாதீங்க. மரத்தடியில நிறுத்தாதீங்க."

"சரி சரி."

கார் வளைவில் திரும்பியதை லைனே பார்த்தது. மாரியம்மா வந்து, அவனையும் அவன் வம்சத்தையும் வாய் வலிக்கத் திட்டினாள். அன்பரசி மூங்கிலைப் பிடுங்கிப் பிளாஸ்டிக்கை மடித்துக்கொண்டிருந்தாள். "பிள்ளை ஆணா பெண்ணான்னு கேக்காம விட்டுட்டேன்க்கா," என்றாள்.

இரும்புக்கடை லோரி வந்து மற்ற வண்டிகளை ஏற்றிப் போனது. லைன் முன்னால் துரை பூச்செடி வைக்கச் சொன்னார். தன் மோட்டர் சைக்கிளுக்கும் சாயம் அடித்துத் தரும்படி லைனில் ஒருவன் கேட்டதற்கு அன்பரசி சரியென்று தலையாட்டினாள். ஆனால் கன்னைக் கழுவாமல் வைத்ததில் உள்ளே சாயம் கட்டியாகி, விசை அசையவே இல்லை.

சில மாதம் கழித்து மலையில் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். மகேன்தான். "சாயம் நம்பர் என்னா? கதவுல கீறல் விழுந்துருச்சு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் தேடி எடுத்து, மூடியைத் துடைத்து, நம்பரைப் போனில் தட்டினாள். பனியில் அடிக்க வேண்டாம் என்றும் எழுதினாள். அப்புறம், ஜொகூரில் பனி ஏது என்று தோன்ற, அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.